தாராசுரத்தின் குரல்

ஐராவதேசுவரர் ஆலயத்தாலும் பட்டுத் தறிகளாலும் புகழ் பெற்ற தாராசுரம், தனக்கென்று பேரூராட்சி மன்றம் உடையதாய் இருந்தது. 2021-ல் கும்பகோணம் மாநகராட்சியானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்கும் ஜனங்கள் வாக்களித்தனர். மேயரையோ அங்கத்தினர்களே தேர்ந்தெடுத்தனர். ஆகவே ஊரார் நேரே கேள்வி கேட்கக் கூடியவர் தத்தம் வார்டு அங்கத்தினரே.

நெசவாளி செலுத்தும் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், சர்க்கார் மானியம் ஆகியவற்றைக் கொண்டே மாநகராட்சி நடைபெறுகிறது. பெரிய சபையில் சிற்றூரின் குரல் அமுங்காதிருக்க வேண்டுமானால், வரி கட்டியதோடு நில்லாமல் நாம் கணக்கும் கேட்க வேண்டும். இது புதிய பாடமன்று. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாதென்று முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டே விதித்திருக்கிறது. அதை நாம் மறக்கலாமா?