தந்தையின் கடிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

ஜொகூர்த் தோட்டப்புற வீடுகள் சிலவற்றில், தந்தையார் பெரட்டுக்குச் செல்ல நேரம் காட்டிய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று பெட்டிக்குள் கிடக்கும். தமிழகத்திலிருந்து வாங்கி வந்த எச்.எம்.டி.யாகவும் அஃது இருக்கலாம். 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அத்தொழிலை மூட இந்திய அரசு 2016இல் முடிவு செய்தது. ஆகவே, உறுப்பொன்று உடைந்தால் மாற்று கிடைப்பது அரிது.

எனவே, 'பத்து நிமிடத்தில் தருகிறேன்' என்பவரிடம் நாம் கடிகாரத்தை நீட்டலாகாது. அது நிற்பதற்கு உடைப்புதான் காரணம் என்பதில்லை. எண்ணெய் உலர்ந்து பிசின்போல் ஆகியிருக்கும், அல்லது நம் நாட்டு ஈரக்காற்றில் துரு ஏறியிருக்கும். மூடியைத் திறந்து ஒரு சொட்டு விடுவது அழுக்கின்மேல் எண்ணெய் பூசுவதே. கவனமுள்ளவர் உறுப்புகளை முற்றும் பிரித்துக் கழுவி, அந்தந்த இடத்திற்குரிய எண்ணெயை ஊசிமுனையளவே இடுவார்.

பழைய கடிகாரங்கள் பலவற்றின் ஆடுசக்கரம் மணிக்கு 18,000 முறை அசைகிறது. படுக்கவைத்தால் ஒரு வேகம், நிறுத்திவைத்தால் வேறொரு வேகம். அதனால்தான் அவர் சில நாள் ஓடவிட்டுப் பார்க்கிறார். அத்தாமதத்திற்கு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

கட்டணத்தை முன்னதாகவே எழுதித் தருவாரா, கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவாரா என்று கேட்டறிய வேண்டும். முகப்புத் தகட்டிற்குப் புதுவண்ணம் பூசட்டுமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நாளொன்றுக்கு அரை நிமிடம் பிந்தினாலும் குறை கூறலாகாது; அந்த வயதுக்கு அது நல்ல ஓட்டமே.