தம்பியைக் கொன்ற எண்ணெய்! "டைனமைட்" பிறந்த கதை

1864-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் காதைப் பிளக்கும் சத்தம்! ஒரு கொட்டகை தூள் தூளாகப் பறந்தது. உள்ளே இருந்தவர்கள் உடல் சிதறிச் செத்தார்கள். அவர்களில் ஒருவர் எமில் நோபல். வயது 20.

அங்கே ஆராய்ச்சி நடத்தி வந்தவர் எமிலின் அண்ணன் ஆல்பிரட் நோபல். மகனைப் பறிகொடுத்த தந்தையும் சில மாதங்களில் பக்கவாதத்தில் படுத்துவிட்டார்.

குலுக்கினால் ஆபத்து

இத்தனைக்கும் காரணம் "நைட்ரோ கிளிசரின்" என்ற எண்ணெய் போன்ற திரவம். 1847-ல் இத்தாலி விஞ்ஞானி சொப்ரேரோ கண்டுபிடித்தது. கருமருந்தைவிடப் பல மடங்கு வலு. ஆனால் குலுக்கக் கூடாது; கீழே போடக் கூடாது. எப்போது வெடிக்கும் என்று சொல்லவே முடியாது! கண்டுபிடித்தவரே அதைக் கண்டு நடுங்கினார்.

"ஊருக்குள் இந்த வேலையே கூடாது" என்று தடை போட்டார்கள். நோபல் விடவில்லை. ஏரியில் படகை நிறுத்தி, அதில் வேலையைத் தொடர்ந்தார்.

மண் செய்த மாயம்

கடைசியில் கைகொடுத்தது "கீசல்கர்" என்ற மண். நீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது. 3 பங்கு எண்ணெயை 1 பங்கு மண் பஞ்சு போல் உறிஞ்சிக் கொண்டது. உருட்டிக் காகிதத்தில் சுற்றினால் குச்சி ரெடி! கை தவறி விழுந்தாலும் லேசில் வெடிக்காது. அதைத் தட்டி எழுப்ப "டெட்டனேட்டர்" என்ற சின்னக் குப்பி வேண்டும். அதுவும் நோபல் செய்ததுதான்.

1867-ல் காப்புரிமை வாங்கினார். பெயர் டைனமைட். "டைனமிஸ்" என்றால் கிரேக்க மொழியில் சக்தி. மலைகள் வழி விட்டன. சுவிட்சர்லாந்தில் 1882-ல் திறந்த 15 கிலோ மீட்டர் கோத்தார்டு ரெயில் சுரங்கம், டைனமைட் வைத்துக் குடைந்ததே.

வியர்க்கும் வெடி!

ஆனாலும் பூதம் முழுசாக அடங்கவில்லை. நாள்பட்ட குச்சி வியர்க்கும்! எண்ணெய் கசிந்து முத்து முத்தாக நிற்கும். அப்புறம் அது பழைய எமன்தான். தொட்டு வேலை செய்த தொழிலாளிகளுக்கோ மண்டையைப் பிளக்கும் தலைவலி. ரத்தக் குழாய்களை அது விரியச் செய்வதே காரணம்.

அமோனியம் நைட்ரேட் கலந்த வெடிமருந்துகள் வந்ததும் டைனமைட் ஓரம் கட்டப்பட்டது. இந்தியாவில் 2004-ல் நைட்ரோ கிளிசரின் வெடிமருந்துகளுக்குத் தடையே வந்துவிட்டது.

ஆனால் ரத்தக் குழாயை விரிக்கும் அதே குணம், அதை நெஞ்சுவலிக்கு மருந்தாகவும் ஆக்கியது. 1896-ல் இறந்த நோபலுக்கு, கடைசிக் காலத்தில் இருதய நோய். டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து எது தெரியுமா?

தம்பியைக் கொன்ற அதே நைட்ரோ கிளிசரின்தான்!