கடைமடைக்கு வருமா கணினி?

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்குத் தண்ணீர்க் கணக்கு அத்துப்படி. ஊருக்குப் பக்கத்தில் தாமரைக்குப்பத்தில்தான் ஜீரோ பாயிண்ட் இருக்கிறது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிவரும் கிருஷ்ணா நீர், தமிழ்நாட்டுக்குள் காலடி வைக்கும் இடம் அது. விநாடிக்கு இத்தனை கனஅடி என்று அங்கே அளந்த பிறகுதான் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூண்டி ஏரிக்குப் போகிறது. 1983ல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி. வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது நாளிதழ்களுக்கு வருடா வருடம் செய்தி.

சென்னையில் குழாயைத் திறப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

உயர்கல்விக்கும் ஆய்வுக்கும் வேண்டிய கணினித் திறனையும் இப்படிக் குழாயில் விட முடியுமா என்பதுதான் ஐம்பது வருடமாக நடக்கும் முயற்சி. பெரிய கணினி எங்கோ இருக்கும். அதன் உழைப்பு மட்டும் கேட்டவர் மேசைக்கு வரும். பொருளாக வாங்காமல் சேவையாகப் பெறுவது. இதைத்தான் சேவை சார்ந்த கணினிக் கட்டமைப்பு என்கிறார்கள். பெயர்தான் கொஞ்சம் மிரட்டும்.

1973ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 கணினி வந்தபோது மனிதர்கள்தான் கணினியைத் தேடிப் போனார்கள். துளையிட்ட அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கி, கவுண்டரில் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அட்டைக் கட்டு கைதவறி விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. 1986ல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு, ஐஐடிகளையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும் கம்பியால் இணைத்தது. 2004ல் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளைக் கோத்து 'கப்ரு' என்ற ஒற்றை இயந்திரமாக்கியது. உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் அதற்கும் இடம் கிடைத்தது.

அடுத்து வந்தது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் 'கருடா'. 17 நகரங்களில் 45 நிறுவனங்களின் கணினிகளை ஒரே வலையாகப் பின்னும் திட்டம். எந்த ஊர்க் கணினி சும்மா இருக்கிறது, எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்து அனுப்பிவைக்க நடுவில் ஒரு தரகர் வேண்டுமே? அந்தத் தரகர் மென்பொருளில் உழைத்த இடங்களில் ஒன்று குரோம்பேட்டை எம்ஐடி. அங்கே பேராசிரியர் தாமரைச்செல்வி நடத்திய கேர் ஆய்வு மையம். 2010ல் 5,990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய அறிவுப் பின்னல் என்ற அதிவேக வலையமைப்பால் கால்வாயும் அகலமானது.

இன்று தமிழ்நாட்டின் 'பூண்டி' என்று சொல்லத்தக்க இயந்திரம் ஒன்று திருச்சியில் இருக்கிறது. 2022 மே மாதம் அங்குள்ள என்ஐடியில் தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்'. பெயரைக் கேட்டதும் குறளின் பொருட்பால் நினைவுக்கு வரும். வேகம் 838 டெராஃப்ளாப். அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அந்த வேகத்தில் எழும் சூட்டைத் தணிக்கச் சில்லுகளை ஒட்டியே குளிர்திரவம் ஓடுகிறது.

இதெல்லாம் யாருக்குப் பயன்படும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டையே எடுத்துக்கொள்வோம். இரும்பை உருக்கும் ஆலைகள் அங்கே பல. உருகிய இரும்பு அச்சில் எப்படி ஆறுகிறது, விரிசல் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணிக்க, பக்கத்துக் கல்லூரியில் எம்.டெக். படிக்கும் பெண் ஒருத்தி முயல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய லேப்டாப்புக்கு அது வாரக்கணக்கான வேலை.

அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து, கோப்பை ஏற்ற வேண்டும். பிறகு பத்து வரிக் குறிப்பு: எத்தனை கோர் (சில்லுக்குள் கணக்குப் போடும் கூறு), எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம். 'எஸ்பேட்ச்' என்று கட்டளையிட்டால் டோக்கன் போல ஓர் எண் வரும். இங்கே கனஅடிக்குப் பதில் கோர்-மணி. 40 கோர் 10 மணி நேரம் ஓடினால் 400 கோர்-மணி அவள் கணக்கில் ஏறும்.

நேரத்தைக் கேட்பதில்தான் சூட்சுமம். பயந்துகொண்டு 72 மணி நேரம் கேட்டால் வரிசையில் பின்னால் நிற்க நேரிடும். குறைத்துக் கேட்டாலோ, கெடு முடிந்த நொடியில் கணினி வேலையைப் பாதியில் வெட்டிவிடும். கல்யாணப் பந்தியில் ஓர் இலை காலியானால் தனியாக வந்தவர் சட்டென்று உட்கார்ந்துவிடுவார். எட்டுப் பேராக வந்த குடும்பம் அடுத்த பந்திக்குத்தான் காத்திருக்க வேண்டும். வரிசையை நடத்தும் மென்பொருளும் அப்படித்தான் இடைவெளிகளில் சின்ன வேலைகளைச் செருகுகிறது.

தண்ணீர் உவமை ஓர் இடத்தில் உடைந்துபோகிறது. இன்று செலவாகாத நீர் பூண்டியில் நாளைக்கும் இருக்கும். இன்று ஓடாத கோர்-மணி இன்றோடு காலி. அதைத் தேக்கிவைக்க ஏரி கிடையாது. பெரிய கணினியைப் பூட்டிவைப்பதைவிட வீண் வேறில்லை என்று வாதிடுபவர்களின் பலமான ஆயுதம் இதுதான்.

ஆனால் கடைமடைப் பிரச்சினை இரண்டுக்கும் பொது. தலைமடையில் ஐஐடி, என்ஐடி மாணவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள சீனியர் இருக்கிறார், கணினி மையத்தில் ஆள் இருக்கிறது. சாலையோரத் தனியார் கல்லூரியில் அந்தப் பத்து வரிக் குறிப்பை எழுதித் தருபவர் அநேகமாக இல்லை. விண்ணப்பத்துக்குக் கையெழுத்திட வேண்டிய பேராசிரியருக்கே இப்படியொரு வசதி இருப்பது தெரியாமல் போகலாம். ஏரிப் பாசனத்தில் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்ச நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். அறுவடையில் அவருக்கும் பங்கு உண்டு. கணினித் திட்டங்களில் இயந்திரத்துக்குக் கோடிகள் ஒதுக்கும் அளவுக்கு இந்த நீர்க்கட்டி வேலைக்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

நம் எம்.டெக். பெண்ணுக்கு யாரோ சொல்லித் தந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாலையில் அனுப்பிய வேலைக்கு நேராகத் திரையில் 'பிடி' என்று நிற்கிறது. காத்திருப்பு என்று பொருள். தூங்கப் போகும்போதும் அதே 'பிடி'. நள்ளிரவுக்குப் பிறகு எங்கோ ஓர் இலை காலியாகிறது, 'பிடி' மாறி 'ஆர்' ஆகிறது, வேலை ஓடத் தொடங்குகிறது. காலையில் பெரியபாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அவள் லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறாள். வார்ப்பின் கழுத்துப் பகுதி சிவப்பாகத் தெரிகிறது. விரிசல் விழப்போவது அங்கேதான்.