ஓரத்தில் கறுக்கும் நீர்வண்ணம்

கணினியில் வரைந்த ஓவியம் எளிதில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு தொடங்கிய தடிமனிலேயே முடியும். நிரப்பிய வண்ணம் மூலைமுடுக்கெல்லாம் ஒரே அடர்த்தியில் இருக்கும். ‘இயற்கைத் தூரிகை’ மென்பொருள்களும் 8192 அழுத்த நிலைகளை உணரும் பேனாக்களும் இந்தக் குறையைத் தீர்ப்பதாக விளம்பரங்கள் சொல்கின்றன. பேனா அழுத்தத்தை அளந்து தரும், அவ்வளவுதான். அந்த அழுத்தத்துக்குத் தாளும் தண்ணீரும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மென்பொருள்தான் கணக்கிட வேண்டும்.

கோட்டில் கைநடுக்கத்தைக் கொண்டுவர ஒவ்வொரு புள்ளியையும் தாறுமாறாக நகர்த்தினால், கோடு பிசிறடிக்கும். பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய சேர்ந்தே விலக வேண்டும். 1982-இல் வந்த ‘டிரான்’ படத்தின் கணினிக் காட்சிகளில் தெரிந்த இயந்திரத்தனமான வழவழப்பில் நிறைவடையாத கென் பெர்லின் உருவாக்கி, 1985-இல் வெளியிட்ட ‘இரைச்சல்’ என்ற கணிதச் சார்பு இதைச் செய்கிறது. அதற்கு 1997-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. தாளின் சொரசொரப்பை உருவாக்கவும் இதே சார்பு உதவுகிறது.

நீர்வண்ணத்தின் விஷயம் வேறு. ஈரத் தீற்றல் காயும்போது அதன் விளிம்பில் மெல்லிய கருங்கோடு ஒன்று தானாகவே விழும். ஓவியர் அதை வரைவதில்லை. மேசையில் சிந்திய காபி காய்ந்ததும் வளையமாகத் தெரிவதும் இதே இயற்பியல்தான். தாளின் மேடுபள்ளங்கள் நீரின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே நீர் மெலிதாக இருப்பதால் வேகமாக ஆவியாகிறது. விளிம்பால் உள்ளே சுருங்க முடியாது. எனவே இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடி வருகிறது, நிறமித் துகள்களையும் இழுத்து வருகிறது.

கல்யாணப் பந்தியில் ஓரத்து வரிசைக்காரர்கள் மட்டும் படுவேகமாகச் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் இலையை விட்டு எழ மாட்டார்கள். பரிமாறுபவர்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கே ஓடுவார்கள். சாம்பார் தீர்ந்துவிடும், வாளிகள் ஓரத்தில் குவிந்து கிடக்கும். சாம்பார்தான் தண்ணீர், வாளிகள்தான் நிறமி. ஓரத்துக்காரர்கள் எழுந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தால் வாளிகளும் அங்கே குவியாது. விளிம்பு பிடிபடாத வழுவழுப்பான பரப்பில் வளையம் விழாததற்கும் அதுவே காரணம்.

காபி வளையத்துக்கான இந்த விளக்கத்தை 1997-இல் ராபர்ட் டீகனும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் காசிடி கர்ட்டிஸ் குழுவினர் கணினி நீர்வண்ண முறையை முன்வைத்தனர். மேலோட்டமாக ஓடும் நீர், தாளில் படியும் நிறமி, தாளுக்குள் ஊறும் ஈரம் என மூன்று அடுக்குகள் அதில் உண்டு. ஈரப்பகுதியின் விளிம்பருகே ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது நீரைக் கழித்தாலே போதும். துகள்கள் தாமாக ஓரம் சேரும்.

நிறக்கலப்பிலும் கணினி தடுமாறும். திரையின் முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் சரிபாதி சராசரி எடுத்தால் சாம்பல் நிறம்தான் வரும். தட்டில் குழைத்தால் பச்சை வரும். நிறமி ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்று கணக்கிடும், 1931-இலிருந்தே இருக்கும் குபெல்கா–முங்க் கோட்பாடு இந்தக் குறையைப் போக்குகிறது.

இத்தனை கணக்கையும் போடாமல் விளிம்பில் ஒரு கருங்கோட்டை ஒட்டிவிடுவதும் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: உண்மையான நீர்வண்ணத்தில் ஈரம் இருந்த அளவுக்கேற்ப அந்தக் கோடு தடித்தும் மெலிந்தும் அறுந்தும் போகும், ஒட்டிய கோடு சுற்றிலும் ஒரே அகலத்தில் ஓடும்.