யாரும் எடுக்காத இலக்கம்

*99#. கைத்தொலைபேசியை மடிக்கணினியோடு இணைத்து இணையத்துக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் தட்டிய இலக்கம் இது. திரையில் ‘டயல் செய்கிறது’ என்று வரும். சற்றுப் பொறுத்து ‘இணைக்கப்பட்டது’ என்று வரும். ஆனால் எந்த ஊரிலும் எந்த மேசையிலும் மணி அடித்திருக்காது. மறுமுனையில் எடுக்க ஆளில்லை, தொலைபேசியே இல்லை. இந்த வெற்று அழைப்புக்குப் பின்னால் மிக நேர்த்தியான ஒரு பொறியியல் ஏற்பாடு இருக்கிறது. திருகோணமலை போன்ற ஒரு மாவட்டத்தில் நின்று பார்த்தால் அதன் அருமை கூடுதலாகத் தெரியும்.

காரணம் நிலம்தான், அல்லது நிலமில்லாத இடம். கொட்டியாரக்குடாவின் வடகரையில் நகரம். தெற்கே மூதூர், சம்பூர். மேற்கே துறைமுகத்தைச் சுற்றிச் சீனன்குடா, அதைத் தாண்டிக் கிண்ணியா. மகாவலி கங்கை கடலில் சேருவதும் இந்தக் குடாவில்தான். களப்பும் கழிமுகமும் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை வாகனங்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் நீரைக் கடந்தன. இப்படிப்பட்ட இடத்தில் செப்புக் கம்பியை ஊரூராக இழுத்துச் செல்வது எளிதல்ல. அதற்கு மேல் கால் நூற்றாண்டுப் போர். தெற்காசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவையான செல்டெல் 1989இலும், இலக்கமுறை ஜிஎஸ்எம் சேவையான டயலொக் 1995இலும் இலங்கையில் தொடங்கிவிட்டன. ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் கோபுரங்கள் பரவலாக எழுந்தது 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான். வீட்டுக்குக் கம்பி வருமுன்பே கைக்கு ஃபோன் வந்துவிட்டது என்பதே இங்கே பலரின் அனுபவம். அப்படியானால் கணினி எதில் ஏறி இணையத்துக்குப் போகும்? கையிலிருக்கும் ஃபோனில்தான்.

மோடெம் என்ற கருவியின் வேலை கணினியின் பூச்சியம்-ஒன்றுகளைத் தொலைபேசிக் கம்பி தாங்கக்கூடிய ஓசையாக மாற்றுவது. மறுமுனையில் அதே ஓசையைத் திரும்பவும் எண்களாக்குவதும் அதன் வேலைதான். சாதாரணத் தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். மனிதக் குரலுக்கு அது போதும். அந்த இடுக்குக்குள்ளேதான் தரவும் நுழைய வேண்டும். இலங்கையில் இதை முன்னோடியாகச் செய்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையின் கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்களைக் கடலடியில் கண்ட அதே கிளார்க். 1983இல் அவர் கொழும்பில் ஒரு கேப்ரோ கணினியையும் மோடெமையும் வைத்துக்கொண்டு, லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு ‘2010’ திரைப்படத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிப் பரிமாறிக்கொண்டார். படம் அடுத்த ஆண்டு வெளியானது. உலகின் இரு கோடிகளை இணைத்தது ஒரு சாதாரணத் தொலைபேசித் தடம்.

அப்படியென்றால் அதே மோடெமை ஒரு கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியருகே வைத்துக் கூவவிட்டால் வேலை செய்யாதா? செய்யாது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜிஎஸ்எம் ஃபோன் நம் குரலை அப்படியே அனுப்புவதில்லை. 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை குரலை வெட்டி எடுத்து, தொண்டையும் வாயும் எப்படி ஒலி எழுப்புகின்றன என்ற கணித மாதிரியோடு அதைப் பொருத்துகிறது. அந்த மாதிரியின் அளவுகளை மட்டும் 260 பிட்டுகளில் எழுதி அனுப்புகிறது. செக்கனுக்கு 13,000 பிட் என்ற சிக்கனம் இப்படித்தான் கிடைத்தது. கேட்கும் ஃபோன் அந்த அளவுகளை வைத்துக் குரலை மறுபடி கட்டியெழுப்புகிறது. மனிதத் தொண்டை எழுப்ப முடியாத ஒலி உள்ளே போனால் வெளியே வருவது சிதைவுதான். மோடெமின் கூவல் அப்படிப்பட்ட ஒலி.

ஆகவே ஜிஎஸ்எம் வகுத்தவர்கள் வேறு வழி எடுத்தார்கள். தரவு அழைப்பு என்றால் ஃபோன் குரல் மாதிரியை ஒதுக்கிவிட்டு, பிட்டுகளைப் பிட்டுகளாகவே கோபுரத்துக்கு அனுப்பும். கோபுரத்துக்குப் பின்னாலிருக்கும் வலையமைப்பின் பரிவர்த்தனை நிலையத்தில் உண்மையான மோடெம்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கூவும் வேலை அங்கேதான் நடக்கும். அதாவது ‘மோடெமாகப் பயன்படும் ஃபோன்’ ஒருபோதும் மோடெமாக இருந்ததில்லை. மோடெம் எங்கோ ஒரு கட்டடத்தில் இருந்தது. ஃபோன் செய்தது, கணினியிடம் தான்தான் மோடெம் என்று நம்பும்படி நடந்துகொண்டது மட்டுமே.

வேகம் செக்கனுக்கு 9,600 பிட். ஒரு செக்கனில் 1,200 பைட். யூனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். 2,000 குறிகள் கொண்ட ஒரு பக்கம் போய்ச்சேர ஐந்து செக்கன். பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் குறிக்கு ஒரு பைட்தான், இரண்டு செக்கனுக்குள் முடிந்துவிடும். ஒரு லட்சம் பைட் கொண்ட சிறிய புகைப்படம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அழைப்பு நீளும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. மின்னஞ்சலை முதலிலேயே எழுதி முடித்து வைத்துக்கொண்டு, இணைத்து, அனுப்பி, உடனே துண்டிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

கணினியை நம்பவைக்கும் அந்த நடிப்புக்கு ஒரு மொழி தேவை. அது 1981இல் பிறந்தது. அமெரிக்காவில் டெனிஸ் ஹேயஸும் டேல் ஹெதரிங்டனும் வெளியிட்ட ஸ்மார்ட்மோடெம், கணினி அனுப்பும் எழுத்துகளையே கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏடி’ என்று தொடங்கும். கவனி என்று பொருள். ‘ஏடிடி’ என்றால் டயல் செய், ‘ஏடிஹெச்’ என்றால் துண்டி. மோடெம் ‘ஓகே’ என்று பதில் எழுதும். இணைப்பில் இருக்கும்போது தரவும் கட்டளையும் ஒரே கம்பியில் வருமே, எது எது என்று எப்படிப் பிரித்தறிவது? ஒரு செக்கன் மௌனம், பிறகு மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு செக்கன் மௌனம். இப்படி வந்தால் அது கட்டளைக்கான அழைப்பு. சாதாரணத் தரவில் இந்த ஒழுங்கு தற்செயலாக வருவது மிக அரிது.

மற்ற நிறுவனங்களும் இதே மொழியைப் பேசத் தொடங்கின. 1990களில் ஃபோன் தயாரிப்பவர்களும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். புதிதாக ஒரு மொழியை உருவாக்கி, ஒவ்வொரு கணினியையும் அதற்கென்று தனித்தனியாகப் பழக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பழைய மொழியைப் பேசியதால், மோடெமோடு பேசத் தெரிந்த எந்தக் கருவியும் ஃபோனோடு பேச முடிந்தது. மடிக்கணினி, பாம் பைலட் போன்ற உள்ளங்கைக் கணினி, சையன் என்ற விசைப்பலகையோடு கூடிய குட்டிக் கணினி என எதுவானாலும் சரி. கிண்ணியாப் பாதை பேருந்தையும் ஏற்றியது, மீன் கூடையோடு நின்ற சைக்கிளையும் ஏற்றியது. உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்டதில்லை. ஃபோனும் அப்படித்தான் நடந்துகொண்டது.

இரண்டையும் பிணைக்க முதலில் கேபிள் இருந்தது. ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒவ்வொரு மாதிரிச் செருகி. அடுத்து வந்தது செங்கீழ்க் கதிர். நொக்கியா 6210 போன்ற ஃபோன்களின் விளிம்பில் ஒரு கறுப்புக் கண் இருக்கும். அதைக் கணினியின் கண்ணுக்கு நேரே, ஒரு மீற்றருக்குள் வைக்க வேண்டும். செக்கனுக்கு 1,15,200 பிட் வரை போகும் என்பதால் வேகம் ஒரு தடையே இல்லை. தடை வெயில்தான். சூரிய ஒளியிலும் செங்கீழ்க் கதிர் நிறைய இருக்கிறது. உப்புவெளிக் கடற்கரையின் நண்பகலில் இந்த இணைப்பைத் தக்கவைக்க நினைப்பவர் முதலில் ஒரு நிழலைத் தேட வேண்டும். புளூடூத் வந்தபோது அந்தத் தொல்லை போயிற்று. சட்டைப் பையிலிருக்கும் ஃபோனே போதும். ஆனால் புளூடூத்திலும் ‘டயல்-அப்’ என்றே ஒரு தனி வகுப்பை வைத்து, வானலையில் ஒரு பொய்க் கம்பியை உண்டாக்கி, அதன் வழியே அதே ‘ஏடி’ கட்டளைகளைத்தான் ஓட்டினார்கள்.

பிறகு ஜிபிஆர்எஸ் வந்தது. இங்கேதான் *99# நுழைகிறது. ஜிபிஆர்எஸ்ஸில் அழைப்பு என்ற ஒன்றே கிடையாது. தரவு சிறு பொதிகளாக, தேவைப்படும்போது மட்டும் அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டு போகும். நேரத்துக்கு அல்ல, அனுப்பிய கிலோபைட்டுக்குத்தான் காசு. செக்கனுக்கு 13,400 பிட் கொள்ளும் நேரத்துண்டுகள் நான்கைச் சேர்த்தால் 53,600 பிட். கம்பியில் ஓடிய 56 கே மோடெமுக்கு ஏறக்குறையச் சமம். ஆனால் கணினிக்கு அழைக்கத்தான் தெரியும். எதையாவது டயல் செய்தால்தான் அது திருப்தியாகும். அதற்காக ஒதுக்கப்பட்டதே *99#. கணினி அதைத் தட்டும். ஃபோன் அதை வெளியே அனுப்பாமல் தனக்குள் பிடித்து வைத்து, வலையமைப்பிடம் ஒரு தரவுத் தடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கணினிக்கு ‘இணைக்கப்பட்டது’ என்று பதில் எழுதும். அதன் பிறகு கணினியும் ஃபோனும் பிபிபி என்ற நெறிமுறையில் பேசிக்கொண்டு இணைய முகவரியைப் பெறும்.

2005 முதல் இலங்கை வீடுகளில் பரவிய சிடிஎம்ஏ ஃபோனுக்கும் இதே மாதிரி ஓர் இலக்கம் உண்டு: #777. பார்வைக்கு மேசைத் தொலைபேசி, ஆனால் தலையில் ஒரு அன்டெனா. கம்பி இல்லாத வீடுகளில் அதுவே இணையத்துக்கும் வாசலானது. 2006 ஓகஸ்டில் டயலொக் தெற்காசியாவின் முதல் மூன்றாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. அதன் பின் கடைகளில் தொங்கிய யூஎஸ்பி ‘டொங்கிள்’கள், உண்மையில் திரையும் விசையும் ஒலிவாங்கியும் கழற்றப்பட்ட ஃபோன்கள்தான். ஹுவாவே ஈ220 ஒன்றைச் செருகினால் கணினி அதை மோடெம் என்றே பதிந்துகொண்டு *99# டயல் செய்யும். மெகாபிட் வேகத்திலும் அந்தப் பழைய நாடகம் தொடர்ந்தது.

துறைமுகப் பகுதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கோபுரத்தின் எல்லைத் தூரம். ஜிஎஸ்எம்மில் ஓர் அலைவரிசையை எட்டு ஃபோன்கள் முறை வைத்துப் பகிர்கின்றன. ஒரு முறைக்கு 577 மைக்ரோசெக்கன். தொலைவிலிருந்து வரும் சமிக்ஞை பிந்தி வந்து அடுத்தவரின் முறையில் விழாதிருக்க, ஃபோன் முன்கூட்டியே பேச வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதைக் கோபுரம் 0 முதல் 63 வரையான ஓர் எண்ணால் சொல்லும். ஒரு படி ஏறக்குறைய 550 மீற்றர் தூரத்துக்குச் சமம். 63 படி என்றால் 35 கிலோமீற்றர், ஏறத்தாழ 19 கடல் மைல். சாதாரண ஏற்பாட்டில் அதற்கு அப்பால் சமிக்ஞை பலமாகத் தெரிந்தாலும் பேச முடியாது, ஏனெனில் எண் தீர்ந்துவிட்டது. நிலத்தில் இந்த எல்லையை எவரும் உணர மாட்டார்கள், அதற்கு முன்பே மலையும் மரமும் மறைத்துவிடும். கடல் அப்படியல்ல, தடையில்லாத வெளி. கோதுமை ஏற்றிக்கொண்டு சீனன்குடாவின் பிறிமா ஆலைக்கு வரும் கப்பலின் மாலுமிக்கு, ஃபோன் உயிர்பெறும் கணத்தை முடிவு செய்வதில் இந்த 63க்கும் பங்குண்டு. நான்காம் தலைமுறையில் இந்த எல்லை 100 கிலோமீற்றர் வரை நீட்டப்பட்டிருக்கிறது.

இன்று 2010இன் ஆண்ட்ராய்ட் 2.2 முதல் பழக்கமான ‘ஹொட்ஸ்பொட்’ போதும், டயல் எதுவும் வேண்டாம். ஃபோன் இப்போது மோடெமாக நடிப்பதில்லை, ஒரு சிறு வழிப்படுத்தியாகவே இயங்குகிறது. ஆனால் ஹேயஸின் மொழி சாகவில்லை. கடையில் அட்டை தேய்க்கும் கருவி, வாகனத்தில் ஒளிந்திருக்கும் இருப்பிடங்காட்டி போன்றவற்றுக்குள் தபால் தலையளவான செல்லிட மோடெம் ஒன்று இருக்கும். உள்ளேயிருக்கும் சில்லு இன்றும் அதனிடம் பெரும்பாலும் ‘ஏடி’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறது.

பாடசாலை அறிவியல் கழகங்கள் இதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உள்ளூர் வலையமைப்போடு இயங்கும் ஒரு மோடெம் தகட்டையோ பழைய டொங்கிளையோ கணினியில் செருகி, முனையச் செயலியில் ‘ஏடி’ என்று தட்டினால் ‘ஓகே’ வரும். அடுத்து ‘ஏடி+சிஎஸ்கியூ’ என்று தட்டினால் சமிக்ஞை வலுவைக் குறிக்கும் ஓர் எண் வரும், 0 முதல் 31 வரை. அதை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டெசிபெல்-மில்லிவாட் கணக்கு கிடைக்கும். 20 வந்தால் −73. உப்புவெளி, நிலாவெளி, ஓர்ஸ் ஹில் சரிவு, கிண்ணியாப் பாலத்தின் நடு, மூதூர் இறங்குதுறை என்று இடம் இடமாக எண்ணைக் குறித்து வரைபடத்தில் ஏற்றினால், மலைகள் எங்கெங்கே வானலை நிழல் விழுத்துகின்றன என்பது தெரிந்துவிடும். கோட்டைக்கும் கடற்படைத் தளத்துக்கும் அருகில் அளப்பதென்றால் அனுமதி பெற்றுக்கொண்டே போக வேண்டும். 99 என்ற எண் வந்தால் அதைப் பெருக்க வேண்டாம், வலு தெரியவில்லை என்று மோடெம் சொல்லும் முறை அது. அப்போது சில அடி தள்ளி நின்று மறுபடி கேட்க வேண்டும்.