ஏழு அடுக்கு ஏன் தோற்றது?

புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ‘ஐயுகா’ ஒரு வானியல் ஆய்வு மையம் என்றே பலருக்கும் தெரியும். கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் வலையமைப்பின் புனே முனையமும் அங்கேதான் இயங்கியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். ஆனால் எர்நெட் 1986-லேயே தொடங்கிவிட்டது. அதன் இணைப்புகளில் நடந்த ஒரு போட்டியை அறிந்தால், புனேயின் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவில் இன்று நடக்கும் விவாதம் எளிதில் விளங்கும்.

என்ன போட்டி?

கணினிகள் பேசிக்கொள்ள இரண்டு நெறிமுறைத் தொகுப்புகளை எர்நெட் ஒருசேர வைத்திருந்தது. ஒன்று டிசிபி/ஐபி. மற்றது, ஐஎஸ்ஓ அமைப்பு 1984-ல் தரநிலையாக வெளியிட்ட ஏழு அடுக்கு மாதிரியை ஒட்டிய ஓஎஸ்ஐ. அரசுகளின் ஆதரவு ஓஎஸ்ஐக்குத்தான். அமெரிக்க அரசு 1990-ல் தன் துறைகளுக்கு அதைக் கட்டாயமாக்கி, 1995-ல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. அதே காலத்தில் எர்நெட்டிலும் ஏறக்குறைய எல்லாத் தகவலும் டிசிபி/ஐபி வழியே போகத் தொடங்கியிருந்தது.

ஏன் தோற்றது?

ஓஎஸ்ஐயை வகுத்தவை குழுக்கள். ஒவ்வொரு தரப்பும் கேட்டதைச் சேர்த்துக்கொண்டே போயின. தகவலைக் கொண்டு சேர்க்கும் நான்காம் அடுக்கில் மட்டும் ஐந்து வகைகள். இரண்டு கருவிகளும் விதிப்படியே இருக்கும். ஆனால் வேறு வேறு வகையைத் தேர்ந்திருந்தால் ஒன்றோடொன்று பேசாது. ஓஎஸ்ஐயின் மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான். நாடு, அஞ்சல் நிர்வாகம், நிறுவனம், குடும்பப் பெயர் எனத் தனித்தனியாக நிரப்ப வேண்டும். எதிரணியில் ஒரு பெயர், ஒரு ‘அட்’ குறி, ஓர் இடம், அவ்வளவுதான்.

டிசிபி/ஐபி 1983-லேயே பெர்க்லி யுனிக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்து பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டது. மாணவர்கள் அதை ஓட்டிப் பார்த்தார்கள், உடைத்தார்கள், திருத்தினார்கள். ஓஎஸ்ஐ காகிதத்தில் வளர்ந்துகொண்டிருந்தபோது, இது புழக்கத்தில் தேறிக்கொண்டிருந்தது.

இன்றைய வடிவம்

தேவை வருமுன்பே சிக்கலைச் சேர்ப்பதா என்ற அதே கேள்விதான் ஹிஞ்சவடியின் இப்போதைய விவாதத்திலும் இருக்கிறது. அது ‘மைக்ரோசர்வீஸ்’ பற்றியது. ஒரு பெரிய மென்பொருளைப் பல சின்னச் சேவைகளாகப் பிரித்து, வலையமைப்பு வழியே பேச வைக்கும் முறை இது. புனேயிலும் அலுவலகம் உள்ள தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் லூயிஸ், மார்ட்டின் ஃபவுலர் இருவரும் 2014-ல் எழுதிய கட்டுரை அதைப் பரவலாக்கியது.

பிரிப்பதற்கு விலை உண்டு. ஒரே நிரலுக்குள் ஒரு பகுதி இன்னொன்றை அழைத்தால் கண நேரத்தில் பதில் வரும். அதுவே வலையமைப்பைத் தாண்டினால் பதில் தாமதமாகலாம், வராமலும் போகலாம். பணம் எடுக்கப்பட்டு ஆர்டர் பதிவாகாமல் நிற்கும் நிலைக்கெல்லாம் தனியாக நிரல் எழுத வேண்டும்.

அமேசான் பிரைம் வீடியோ இதை அனுபவத்தில் கண்டது. ஓடும் காணொளியில் படமும் ஒலியும் கெடுகின்றனவா என்று பார்க்கும் கருவியைப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு சேவை காட்சிகளை இணையச் சேமிப்புக் கிடங்கில் போடும். இன்னொன்று அவற்றை எடுத்துச் சோதிக்கும். எதிர்பார்த்த சுமையில் சுமார் 5 சதவீதத்திலேயே அது முட்டி நின்றது. எல்லாவற்றையும் ஒரே நிரலுக்குள் கொண்டுவந்ததும் காட்சிகள் கிடங்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே கைமாறின. செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-ல் அந்தக் குழுவே எழுதியது.

அப்படியானால் பிரிப்பதே தவறா?

இல்லை. நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஒரே நிரலில் கைவைத்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளும்போது பிரித்துத்தான் ஆக வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு அந்த நோயே இல்லை. மருந்தின் பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். முதலில் ஒன்றாகக் கட்டுங்கள், தேவை வந்தபின் பிரியுங்கள் என்று ஃபவுலரே 2015-ல் எழுதினார்.

பொறியியல் மாணவர்கள் இன்றும் ஏழு அடுக்கையும் வரிசை மாறாமல் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தேர்வு முடிவு அவர்கள் கைபேசிக்கு டிசிபி/ஐபி வழியேதான் வருகிறது.