மரத்துப்போன விரலோடு மலையேறாதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் கம்பம், போடி, தேனிப் பகுதி மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. "காலையில வண்டியில போறப்ப விரல் மரத்துப்போகுது டாக்டர்" என்பதுதான் அது. இதை மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. மரத்த விரலைத் தீயில் காட்டிக் கொப்புளம் வந்த பிறகோ, மருந்துக் கடையில் வாரக்கணக்காக 'நரம்பு மாத்திரை' வாங்கித் தின்ற பிறகோ, வளைவில் பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்த பிறகோதான் பலர் வருகிறார்கள். பொருத்தமான ஒரு ஜோடி கையுறை இருந்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் கையுறையைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை தேவைப்படுகிறது.

நம்ம ஊரில் ஏது குளிர்?

பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு கேட்டால் இது நியாயமான கேள்விதான். ஆனால் நம் மக்கள் பள்ளத்தாக்கிலேயே இருப்பதில்லை. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் விடியுமுன்பே கிளம்புகிறார்கள். சபரிமலை சீசனில் பக்தர்கள் பைக்கிலேயே குமுளி ஏறுகிறார்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகிறவர் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,000 மீட்டர் மேலே போகிறார். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு டிகிரி குறையும். அங்கிருந்து மூணாறு போனால் ஜனவரியில் உறைபனி விழுகிற பகுதிகளே உண்டு. இதோடு வண்டியின் வேகமும் சேர்கிறது. 5 டிகிரிக் குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் வெறுந்தோல், பூஜ்யத்துக்கும் கீழான குளிரில் காற்றில்லாமல் நிற்பவருடைய தோலைப் போல வெப்பத்தை இழக்கிறது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைதான் அந்தக் காற்றை முதலில் வாங்குகிறது.

கைத்தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனால் விரல்களின் நுண்ணிய அசைவு தடுமாறத் தொடங்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தால், ஐந்து மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். கொண்டை ஊசி வளைவில் ஐந்து மீட்டர் என்பது சாலைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம்.

தடிமனாக இருந்தால் போதுமா?

போதாது. நாம் கடையில் செய்யும் முதல் தவறே கனத்தைப் பார்த்து வாங்குவதுதான். சாலையோரத்தில் விற்கும் கம்பளிப் பின்னல் கையுறை எவ்வளவு தடியாக இருந்தாலும், ஓடும் வண்டியில் காற்று அதன் கண்ணிகளுக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். பருத்திக் கையுறை பனியிலும் சாரலிலும் நனைந்துவிட்டால், இல்லாததைவிட மோசம். ஈரம் வெப்பத்தை உறிஞ்சும். வெளிப்புறம் காற்றும் நீரும் புகாத துணி அல்லது தோல், உள்ளே மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ் என்று இரண்டும் சேர்ந்ததே சரியான கையுறை. பணம் கட்டுப்படியாகாது என்பவர்கள், மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேல் காற்றுப் புகாத வெளியுறை ஒன்றைத் தளர்வாகப் போட்டுக்கொண்டாலும் பலன் உண்டு. ஆனால் இறுக்கமான இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கக் கூடாது. இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்தம் போகாத விரலை எந்தக் கம்பளியாலும் சூடாக்க முடியாது. கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரமாகும், பிடி வழுக்கும்.

"கிளவுஸ் போட்டால் பிரேக் பிடிபடாது" என்பது அடுத்த ஆட்சேபம். தவறான கையுறையைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதனால் கடையிலேயே போட்டுப் பாருங்கள். முஷ்டி மடக்கும்போது விரல்நுனி உறையில் முட்டக் கூடாது, கொஞ்சம் இடம் வேண்டும். உங்கள் வண்டியின் கிளட்ச், பிரேக், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் உறையோடு இயக்கிப் பாருங்கள். உள்ளங்கை வழுக்காத தோலாகவோ ரப்பர் பிடியுள்ளதாகவோ இருக்கட்டும். மணிக்கட்டைத் தாண்டி சட்டைக்கை வரை மூட வேண்டும். மலைச் சுற்றுலா இடங்களில் ஏடிவி எனும் நான்கு சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் பெருவிரலால்தான் வேகத்தைக் கூட்டுகிறோம். பெருவிரல் பகுதி பருமனாக இருந்தால் லீவரில் சிக்கிக்கொள்ளும்.

நல்ல கையுறை போட்டும் கை சில்லிட்டால் நெஞ்சைப் பாருங்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடல் கைகளுக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஜெர்கின் இல்லாமல் கையுறை மட்டும் போடுவது பாதி வேலைதான்.

பிராந்தி, பீடி, தைலம், தீ

ஒரு மடக்கு பிராந்தி குடித்தால் சூடேறும் என்கிறார்கள். தோலின் ரத்தக்குழாய் விரிவதால் வருகிற உணர்வு அது. உடம்புக்குள் இருக்கும் வெப்பம் அதே வழியில் வெளியேறிவிடும். குடித்துவிட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பீடியும் சிகரெட்டும் நேர்மாறாக விரலின் ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன. விரல் மரத்துப்போகிறவருக்கு அவை விஷம். தைலம் தேய்த்தால் வரும் காந்தல் நரம்பின் உணர்வே தவிர, விரலின் வெப்பம் அல்ல.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சைலன்சரிலும் நெருப்பிலும் கொதிநீரிலும் கையைக் காட்டுவது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. சர்க்கரை நோயாளியின் கைக்கோ, மரக்காவிட்டாலும் தெரியாமல் போகலாம். கொப்புளம் வந்து புண்ணாகி, அது ஆறாமல் வருகிறவர்கள் 'லேசா அனல் காட்டினேன்' என்றுதான் சொல்கிறார்கள். அனல் வேண்டாம். கையைக் கக்கத்தில் வையுங்கள், அல்லது முழங்கையால் பதம் பார்த்த வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். சட்டென்று சூடேற்றினால், குளிரால் விரல் வீங்கும் குளிர்வீக்கத்தின் அரிப்பும் சிவப்பும் அதிகமாகும்.

நரம்பு மாத்திரையை நீங்களே வாங்காதீர்கள்

விரல் மரத்ததும் மருந்துக் கடைக்குப் போய் 'நரம்பு மாத்திரை' கேட்பது இங்கே பழக்கமாகிவிட்டது. அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது பி வைட்டமின்கள். பி6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்தலை உண்டாக்கும். காரணம் தெரியாமல் விழுங்கும் மாத்திரை நோயை மறைத்துக் காலத்தையும் தின்றுவிடுகிறது. குளிரில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவப்பது ரேனாட் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகள் இதைக் கூட்டக்கூடும். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் விரல் மரத்து எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பீடி பிடிப்பவருக்கு விரல்நுனி கறுத்தாலோ புண் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விரலையே இழக்க நேரிடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகள், தேவைப்பட்டால் நரம்புப் பரிசோதனை. அவ்வளவுதான். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தால் போதும்.

தயவுசெய்து

ஹெல்மெட்டுக்காவது போலீஸ் கேட்கும் என்ற பயம் உண்டு, கையுறையை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்களை மலைக்கு வண்டியில் ஏற்றிப் போகும் டிரைவர்களே, தோட்டத்துக்குப் பைக்கில் போகும் தம்பிகளே, மாலை போட்டுக் கிளம்பும் சாமிகளே, பெட்ரோல் போடும்போது கையுறை இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். வழியில் விரல் மரத்தால் வண்டியை ஓரங்கட்டி, கையைச் சூடாக்கிக்கொண்டு, விரல் பழையபடி மடங்குகிற வரை நில்லுங்கள். தாமதமாகப் போனால் ஒரு கூலி குறையலாம். பிரேக் பிடிக்காத கையோடு போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளே இல்லாமல் போகலாம்.